பொற்கம்பளியில் தொடங்கி நச்சாடையில் முடியும் கதை: கோப்லான் ‘ஜேசன்’ டாபஸ்ட்ரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த டாபஸ்ட்ரியைப் பற்றிப் பேசுகிறோம்?

பாரிஸில் உள்ள கோப்லான் அரச நெசவாலையில் 18ஆம் நூற்றாண்டில் நெய்த ‘ஜேசன் கதை’ வரிசையைப் பற்றி. சுவரில் மாட்டும் படச்சீலைகள், மொத்தம் ஏழு. ஒவ்வொன்றும் நான்கு மீட்டருக்கு மேல் உயரம். அகலம் காட்சிக்குத் தக்கபடி மாறும். கிரேக்கப் புராணக் காட்சி நெய்த பழைய பிரெஞ்சு டாபஸ்ட்ரிகள் எத்தனையோ இருக்கின்றன. நான் இதை எடுத்ததற்கு ஒரே காரணம்தான். இந்தக் கதை ஓர் ஆட்டின் பொன்னிறக் கம்பளியில் தொடங்கி, ஒரு மணப்பெண்ணை எரித்துக் கொல்லும் ஆடையில் முடிகிறது. அதைச் சொல்லியிருப்பதும் கம்பளியாலேயே. துணியைப் பற்றித் துணியே சொல்லும் கதை எனக்குத் தெரிந்து இதைப்போல வேறு இல்லை.

டாபஸ்ட்ரி என்றால் கம்பளமா, திரைச்சீலையா, எம்ப்ராய்டரியா?

மூன்றும் இல்லை. எம்ப்ராய்டரியில் துணி முதலிலேயே இருக்கும். அதன்மேல் ஊசியால் படம் போடுவார்கள். டாபஸ்ட்ரியில் துணியும் படமும் ஒன்றாகவே பிறக்கின்றன. படத்தைப் பிரித்து எடுத்தால் துணியே மிஞ்சாது.

தறியைப் பார்த்தவர்களுக்கு எளிதாகப் புரியும். சாதாரண நெசவில் குறுக்கு நூலான ஊடை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஓடும். டாபஸ்ட்ரியில் ஊடையைக் கரைக்குக் கரை கொண்டுபோகும் நாடாவே கிடையாது. நீலம் வேண்டிய இடத்தில் மட்டும் நீல ஊடை போய்த் திரும்பும். பக்கத்தில் சிவப்பு வேண்டுமென்றால் அங்கே இன்னொரு நூல் தன் எல்லைக்குள் போய்த் திரும்பும். ஊடையை இறுக்கி அடித்துவிடுவதால், தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் கண்ணுக்கே தெரியாது; வரி வரியான மேடாகத் தொட்டால்தான் தெரியும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புகழ்பெற்ற ‘பாயே டாபஸ்ட்ரி’ உண்மையில் டாபஸ்ட்ரி அல்ல. லினன் துணிமேல் கம்பளி நூலால் போட்ட எம்ப்ராய்டரி அது. பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, இனி மாற்ற முடியாது.

ஜேசன் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன். இது தெரியாமல் சீலைகளைப் பார்த்தால் அழகான உடைகளும் குதிரைகளும் மட்டுமே கண்ணில் படும்.

பறக்கும் பொன்னிற ஆடு ஒன்று ஃபிரிக்ஸஸ் என்ற சிறுவனைச் சுமந்துகொண்டு கொல்கிஸ் நாட்டுக்குப் போகிறது. இன்றைய ஜார்ஜியாவில், கருங்கடல் ஓரத்தில் இருந்த நாடு அது. அங்கே ஆட்டைப் பலியிட்டு அதன் தோலை ஒரு மரத்தில் தொங்கவிடுகிறார்கள். உறங்காத டிராகன் ஒன்று அதைக் காவல் காக்கிறது. (பழங்கால நிலவியலாளர் ஸ்ட்ராபோ, அந்தப் பக்கத்து மக்கள் ஆற்றில் வரும் பொன்துகளை ரோமம் உள்ள தோல்களில் சேகரித்தார்கள் என்றும், இந்தக் கதை அங்கிருந்து வந்திருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். எனக்குப் பிடித்த விளக்கம் இது.)

ஜேசன் கிரேக்க இளவரசன். அவனுக்கு உரிய அரியணையைப் பிடித்துக்கொண்ட சித்தப்பா, “அந்தப் பொற்கம்பளியைக் கொண்டு வா, பார்க்கலாம்” என்று அனுப்பிவிடுகிறான். கொல்கிஸ் மன்னன் அயீட்டஸ் அதைச் சும்மா கொடுப்பானா? நெருப்பு மூச்சு விடும் காளைகளை ஏரில் பூட்டி உழ வேண்டும், பாம்பின் பற்களை விதைக்க வேண்டும், அதிலிருந்து முளைக்கும் போர்வீரர்களை வெல்ல வேண்டும் என்கிறான்.

ஜேசனைக் காப்பாற்றுவது மன்னனின் மகள் மெடேயா. மந்திரம் தெரிந்தவள். அவன்மேல் ஆசை வைத்து மூலிகை தருகிறாள். பதிலுக்கு அவன் “உன்னையே மணப்பேன்” என்று சத்தியம் செய்கிறான். காளைகள் அடங்குகின்றன. முளைத்த வீரர்களுக்கு நடுவே கல்லை எறிந்ததும் அவர்கள் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டு சாகிறார்கள். டிராகன் உறங்குகிறது. கம்பளி கைக்கு வருகிறது. மெடேயா தந்தையையும் நாட்டையும் விட்டு அவனோடு கிளம்புகிறாள்.

அப்புறம்தான் கதையின் இருட்டான பகுதி. ஆண்டுகள் போகின்றன, இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். கொரிந்து நகரில் ஜேசன் அந்த ஊர் அரசன் மகள் கிரெயூசாவை மணக்க ஏற்பாடு செய்துகொள்கிறான். மெடேயா சீர் அனுப்புவதுபோல ஓர் அழகிய ஆடையை அனுப்புகிறாள். மணப்பெண் உடுத்தியதும் அது தீப்பற்றி அவளைத் தின்கிறது. பிறகு மெடேயா தன் இரு பிள்ளைகளையும் தன் கையாலேயே கொன்றுவிட்டு, டிராகன்கள் இழுக்கும் தேரில் ஏறி ஏதென்ஸை நோக்கிப் பறந்துபோகிறாள்.

கி.மு. 431இல் யூரிப்பிடீஸ் இதை நாடகமாக்கினார். ரோமானியக் கவிஞர் ஓவிட் பின்னர் கவிதையில் சொன்னார். 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர்கள் ஓவிட் வழியாகத்தான் கிரேக்கக் கதைகளை அதிகம் அறிந்தார்கள்.

ஏழு சீலைகளிலும் என்னென்ன காட்சிகள்?

வரிசைப்படி: ஜேசன் மெடேயாவுக்குச் சத்தியம் செய்வது, காளைகளை அடக்குவது, பாம்புப் பற்களில் முளைத்த வீரர்களின் சண்டை, பொற்கம்பளியைக் கைப்பற்றுவது, கிரெயூசாவை மணப்பது, நச்சாடை கிரெயூசாவை எரிப்பது, பிள்ளைகளைக் கொன்றுவிட்டு மெடேயா ஏதென்ஸுக்குக் கிளம்புவது.

பாதிக்கு மேல் வீரக் கதை, மீதி அழிவு. வீரம் முடிந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அதனால்தான் இந்த வரிசையை மதிக்கிறேன்.

வரைந்தது யார், நெய்தது யார்?

வரைந்தவர் ழான்-ஃபிரான்சுவா த ட்ருவா. 1679இல் பாரிஸில் பிறந்தவர். 1738இல் ரோமில் இருந்த பிரெஞ்சுக் கலைக்கழகத்துக்கு இயக்குநராகப் போனார். கோப்லானுக்காக அவர் ஏற்கெனவே வரைந்த ‘எஸ்தர் கதை’ வரிசை பெரிய வெற்றி பெற்றிருந்தது. அடுத்துதான் ஜேசன். முதலில் சிறிய மாதிரிகள், பிறகு 1743 முதல் 1746 வரை ரோமிலேயே முழு அளவு ஓவியங்கள். இப்படி நெசவுக்காக வரையும் முழு அளவுப் படத்துக்குக் ‘கார்ட்டூன்’ என்று பெயர். கேலிச்சித்திரத்துக்கு அந்தப் பெயர் வந்தது பிற்காலத்தில்தான்.

நெய்தவை கோப்லானில் ஓத்ரான், கோசெத் ஆகிய இருவரின் பட்டறைகள். இவர்கள் பட்டறைத் தலைவர்கள். சீலையின் கீழ்விளிம்பில் பெயர் இருந்தால் அது தலைவரின் பெயராகத்தான் இருக்கும். தறியில் உட்கார்ந்தவர்கள் பலர். அவர்களுக்குள் தரம் பிரித்திருந்தார்கள்: வானம், மரம், துணி மடிப்பு நெய்பவர்கள் ஒருபக்கம், முகமும் கைகாலும் நெய்யத் தெரிந்த மூத்தவர்கள் ஒருபக்கம். பின்னவர்களுக்குக் கூலி அதிகம். கிரெயூசாவின் முகத்தில் அந்தத் திகிலை நூலால் கொண்டுவந்தவர் யாரோ, அவர் பெயரைச் சீலை சொல்வதில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

கோப்லான் என்பது ஊர்ப்பெயரா?

குடும்பப் பெயர். 15ஆம் நூற்றாண்டில் பாரிஸின் பியேவ்ர் என்ற சிற்றாற்றங்கரையில் சாயப்பட்டறை வைத்திருந்த குடும்பம் அது. 1662இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் அந்த இடத்தை மன்னருக்காக வாங்கி, சிதறிக் கிடந்த நெசவாளர்களை அங்கே கூட்டினார். ஓவியர் லெ பிரன் அதன் தலைவரானார். கோப்லானில் நெய்தவை பெரும்பாலும் அரண்மனைக்கும் அரசப் பரிசுகளுக்கும் போயின. 1664இல் தொடங்கிய போவே நெசவாலை தனியார் வாடிக்கையாளருக்கும் விற்றது. ஒபுசோன் என்ற ஊர் இவற்றைவிடப் பழைய நெசவு மையம். 1665இல் ‘அரச’ அடைமொழி பெற்றது.

இவ்வளவு பெரிய படத்தை எப்படி நெய்தார்கள்?

இரண்டு வகைத் தறிகள் உண்டு. படுக்கைத் தறியில் பாவு கிடையாக இருக்கும். பாவு நூல்களைப் பிரித்து இழுக்கும் கயிறுகளான விழுதை நெசவாளர் காலால் மிதித்து இயக்குவார். கார்ட்டூனைத் துண்டு போட்டுப் பாவுக்கு அடியில் வைப்பார்கள். நிமிர்த்திய தறியில் பாவு மேலிருந்து கீழாகச் செங்குத்தாக நிற்கும். ஜேசன் சீலைகளை நெய்த ஓத்ரானும் கோசெத்தும் நடத்தியவை இந்த இரண்டாம் வகைப் பட்டறைகள்.

நிமிர்த்திய தறியில் நெசவாளர் உட்கார்வது சீலையின் பின்பக்கம். இது முக்கியம். கார்ட்டூன் அவருக்குப் பின்னால் சுவரில் தொங்கும். படத்தின் கோடுகளைத் தாளில் எடுத்து, பாவு நூல்களின்மேல் மையால் குறித்துக்கொள்வார். பாவுக்கு அந்தப் பக்கம், சீலையின் முன்புறத்தைப் பார்த்தபடி, ஒரு கண்ணாடி. எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் பாவு நூல்களை விரலால் விலக்கி, இடைவெளி வழியே அந்தக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும்.

கையில் நூல் சுற்றிய கூர்முனைக் கட்டை ஒன்று. நம் தறியின் தார்க்குச்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், ஆனால் நாடாவுக்குள் போகாதது. ஒரு நிறத்துக்கு ஒன்று. இடது கையால் தலைக்குமேல் உள்ள விழுதுகளைப் பிடித்து இழுத்து, பாவில் சில நூல்களை முன்னே கொண்டுவந்து, கட்டையை நுழைத்து, அதன் கூர்முனையாலேயே ஊடையைக் கீழே தட்டுவார். பிறகு சீப்பால் அடித்து இறுக்குவார். ஒரு கன்னத்தின் நிழலை மட்டும் நெய்ய இப்படிப் பல கட்டைகள் பின்பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொரு விஷயம் கேட்டால் வியப்பாக இருக்கும். இத்தகைய பெரிய சீலைகளைப் பொதுவாகப் பக்கவாட்டில் நெய்வார்கள். அதாவது, தறியில் இருக்கும்போது மெடேயா படுத்துக் கிடப்பாள்; நெய்து முடித்துத் திருப்பி மாட்டும்போதுதான் எழுந்து நிற்பாள். படத்தின் அகலத்துக்குத் தறி வேண்டாம், உயரத்துக்கு இருந்தால் போதும் என்பது இதில் ஒரு வசதி. நிற்கும் உருவங்களின் வெளிக்கோட்டை வெட்டின்றி ஓடவிடலாம் என்பது இன்னொன்று.

நிறம் மாறும் இடத்தில் ஓட்டை விழாதா?

விழும். இரண்டு நிறங்கள் ஒரே பாவு நூலை ஒட்டிச் சில வரிசைகள் திரும்பினால் அங்கே பிளவு உண்டாகும். பெரும்பாலும் சீலையை இறக்கிய பிறகோ தறியிலேயோ ஊசியால் தைத்துவிடுவார்கள். சின்னப் பிளவுகளைச் சிலசமயம் அப்படியே விட்டுவிடுவார்கள். அந்த இருட்டுக் கீறல் உதட்டுக்கோ விரலிடுக்குக்கோ கோடுபோல உதவும்.

வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போக வேறொரு வழி: ஒரு நிறத்தைச் சீப்புப் பற்கள்போல அடுத்த நிறத்துக்குள் நீட்டுவது. அருகே போய்ப் பார்த்தால் கூரான பற்கள். நான்கு எட்டு பின்னால் வந்தால் மென்மையான கன்னம்.

ஒரு சீலைக்கு எவ்வளவு காலம் ஆகும்?

பலர் ஒரே தறியில் தோளோடு தோள் உட்கார்ந்தும் ஆண்டுக்கணக்கில் ஆகும். இன்றைய கோப்லானில் ஒரு நெசவாளர் ஆண்டு முழுக்க வேலை செய்தால் ஒன்று, ஒன்றரை சதுர மீட்டர் தேறும். ஓர் ஓவியத்தைவிட டாபஸ்ட்ரிக்கு ஏன் பலமடங்கு விலை இருந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்தச் சீலைகளைப் பார்த்து ஜெர்மன் கவிஞர் கதே கத்தினாராமே, உண்மையா?

உண்மை. அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

1770 மே மாதம். ஆஸ்திரிய இளவரசி மரி அந்துவானெத், பதினான்கு வயது, பிரெஞ்சு இளவரசருக்கு மணமகளாக வருகிறார். ஸ்ட்ராஸ்பூர்க் அருகே ரைன் ஆற்றுத் தீவு ஒன்றில் மரத்தால் ஒரு மண்டபம் கட்டி, அங்கேதான் அவரை ஆஸ்திரியர்கள் பிரெஞ்சுக்காரர்களிடம் ஒப்படைத்தார்கள். அவர் ஊரிலிருந்து உடுத்தி வந்ததை எல்லாம் களைந்துவிட்டு புது உடை அணிந்தார் என்று அவருடைய பணிப்பெண்ணாக இருந்த கம்பான் அம்மையார் பின்னாளில் எழுதினார்.

கதேக்கு அப்போது இருபது வயது. ஸ்ட்ராஸ்பூர்கில் சட்டம் படிக்க வந்திருந்தார். இளவரசி வருவதற்கு முன்பே, காவலர்களுக்குக் காசு கொடுத்து நண்பர்களோடு மண்டபத்தைப் பார்க்கப் போனார். பக்கத்து அறைகளில் ரஃபேல் வரைந்த கார்ட்டூன்களைக் கொண்டு நெய்த சீலைகள். அவற்றைப் பார்த்து மெய்மறந்து போகிறார். நடு மண்டபத்துக்குள் நுழைந்ததும் அதிர்ச்சி. சுற்றிலும் ஜேசன், மெடேயா, கிரெயூசா. அரியணைக்கு ஒருபக்கம் மணப்பெண் துடிதுடித்துச் சாகிறாள். மறுபக்கம் கொல்லப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துத் தகப்பன் அலறுகிறான். மேலே டிராகன் தேரில் மெடேயா.

கல்யாணப் பெண் முதன்முதலில் கால்வைக்கும் இடத்தில், உலகத்திலேயே கொடுமையான கல்யாணத்தின் படத்தையா மாட்டுவார்கள் என்று கதே உரக்கக் கத்திவிட்டார். வம்பாகிவிடும் என்று நண்பர்கள் அவரைச் சமாதானப்படுத்தி வெளியே இழுத்துப் போனார்கள். படத்தில் போய் அர்த்தம் தேடுவது எல்லாருடைய வேலையும் இல்லை, ஊர் மக்கள் யாரும் அதைக் கவனிக்கப் போவதில்லை என்பது அவர்கள் சொன்ன சமாதானம்.

நம் வீடுகளில் கல்யாணத்தன்று அபசகுனமாக ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று பெரியவர்கள் எவ்வளவு கவனமாக இருப்பார்கள்! கதேயின் பதற்றம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1793 அக்டோபர் 16 அன்று மரி அந்துவானெத் கில்லட்டினில் தலை இழந்தார். கதே தன் நூலின் இந்தப் பகுதியை எழுதியது அதற்கெல்லாம் வெகுகாலத்துக்குப் பிறகு என்பதையும் மறக்கக் கூடாது. நினைவுக்கு அந்த முடிவும் சாயம் ஏற்றியிருக்கும்.

அப்படியானால் ஏன் அதை மாட்டினார்கள்?

அரச வரவேற்பு என்றால் இருப்பதில் பெரிய, பளிச்சென்ற, விலை உயர்ந்த சீலையை மாட்டுவது அன்றைய வழக்கம். நண்பர்கள் சொன்னதுபோல, பலருக்கு அது சுவரை மறைக்கும் செல்வம். கதை இரண்டாம் பட்சம்.

ஆனால் ஜேசனுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. 1430இல் பர்கண்டி கோமகன் ஃபிலிப் தொடங்கிய வீரர் சங்கத்தின் பெயரே ‘பொற்கம்பளி’. அதன் உறுப்பினர்கள் கழுத்தில் சிறிய பொன் ஆட்டுத்தோல் தொங்கும். அந்தச் சங்கத்தின் தலைமை பின்னர் ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்குப் போனது. மரி அந்துவானெத் பிறந்த குடும்பம் அது. அவர் தந்தையின் உருவப்படங்களில் அந்தப் பதக்கத்தைப் பார்க்கலாம். ஆகவே பொற்கம்பளி பற்றிய சீலை அந்தப் பெண்ணுக்கு அந்நியமானதல்ல. முதல் நான்கு சீலைகளோடு நின்றிருந்தால் பொருத்தமாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பழைய டாபஸ்ட்ரிகளில் மரங்கள் ஏன் நீலமாக இருக்கின்றன?

நெய்தபோது பச்சையாகத்தான் இருந்தன. அன்று நல்ல பச்சைச் சாயம் தனியாக இல்லை. கம்பளியை முதலில் அவுரி நீலத்திலோ, அதே நிறப்பொருள் கொண்ட ஐரோப்பியச் செடியான வோடு நீலத்திலோ தோய்த்து, மேலே வெல்டு என்ற செடியின் மஞ்சளை ஏற்றுவார்கள். நீலம் வெளிச்சத்தைத் தாங்கும். மஞ்சள் தாங்காது. ஆண்டுகள் போகப்போக மஞ்சள் கழன்று, நீலம் மட்டும் நிற்கிறது.

சிவப்பில் மஞ்சிட்டி இனத்து வேரும், கொச்சினீல் பூச்சியும் ஓரளவு உறுதியானவை. ஆபத்து மென்மையான நிறங்களில்தான். 17ஆம் நூற்றாண்டு நெசவாளர்கள் குறைந்த நிறங்களை வைத்துக்கொண்டு, அழுத்தமாக நெய்தார்கள். 18ஆம் நூற்றாண்டில், கோப்லானுக்கு மேற்பார்வையாளராக வந்த ஓவியர் ஊத்ரி, ஓவியத்தில் உள்ள ஒவ்வொரு சாயலும் சீலையிலும் வர வேண்டும் என்று வற்புறுத்தினார். நூலுக்கு அதற்கென்று ஒரு நிறக்கணக்கு உண்டு, ஓவியத்தின் நிறம் வேறு, நெசவின் நிறம் வேறு என்று பட்டறைத் தலைவர்கள் சண்டை போட்டார்கள். ஊத்ரியின் பக்கம்தான் காலம் போனது. எண்ணற்ற மெல்லிய சாயல்கள் வந்தன. அவற்றில் பல முதலில் வெளிறியும் போயின. நான் நெசவாளர்கள் கட்சி.

சீலையின் பின்பக்கத்தைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். உள்துணி மூடியிருந்ததால் வெயில் படாத நூல்கள் அங்கே இருக்கும். முன்னால் சாம்பல் பூத்த ரோஜா நிறம், பின்னால் இரத்தச் சிவப்பு. முன்னால் நீல மரம், பின்னால் புல் போன்ற பச்சை.

சாயத்தைப் பற்றி இன்னும் ஒன்று. 1824இல் கோப்லான் சாயப்பிரிவுக்கு வந்த வேதியியலாளர் ஷெவ்ரலிடம், கறுப்பு நூல் சரியாகச் சாயம் ஏறவில்லை என்ற புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கலாகக் காட்டின. அங்கிருந்து ஆரம்பித்து 1839இல் அவர் வெளியிட்ட நிற முரண் விதியைப் பிற்கால ஓவியர்கள் பலர் பாடமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

தங்கச் சரிகை சேர்த்திருக்கிறார்களா?

18ஆம் நூற்றாண்டின் நடுவில் வழக்கமான நூல்கள் கம்பளியும் பட்டும்தான். விளிம்பில் தங்கச் சட்டம் மின்னுவதுபோலத் தெரிந்தால், அது பெரும்பாலும் மஞ்சளும் பழுப்புமான நூலால் வந்த கண்கட்டு. ஓவியத்தின் மரச்சட்டத்தை நெசவிலேயே காட்டும் பாணி அப்போது இருந்தது.

அதற்கு முந்தைய காலத்துச் சீலைகளில் தங்க, வெள்ளிச் சரிகை நிறைய உண்டு. அதுவே அவற்றுக்கு எமனானது. 1797இல் பணமுடையில் இருந்த பிரெஞ்சு அரசு, அரச சேமிப்பில் இருந்த சரிகைச் சீலைகளை எரித்து, சாம்பலிலிருந்து உலோகத்தை எடுத்தது. கம்பளியும் பட்டும் மட்டும் கொண்டவற்றை எரித்துப் பயனில்லை என்பதால் தப்பின.

இவற்றை இன்று எங்கே பார்க்கலாம்?

இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில், பெரிய வரவேற்பு அறையில். 1770களின் கடைசியில் நெய்த தொகுதி அது. நான்காம் ஜார்ஜ் 1825இல் பாரிஸில் வாங்கினார், அறையின் அலங்காரமே அவற்றை மனதில் வைத்துச் செய்தது. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் த ட்ருவாவின் சிறிய மாதிரி ஓவியங்கள் இரண்டு இருக்கின்றன: ஜேசனின் சத்தியமும், பொற்கம்பளியைக் கைப்பற்றுவதும். முடிந்தால் அந்த இரண்டையும் முதலில் பாருங்கள். ஓவியரின் தூரிகை எவ்வளவு வேகமாக ஓடியிருக்கிறது என்பது தெரியும். அதற்குப் பிறகு சீலையைப் பார்த்தால், அந்த வேகத்தை நூலுக்குள் கொண்டுவரப் பட்ட பாடு புரியும்.

ஏலத்தில் ‘பழைய பிரெஞ்சு டாபஸ்ட்ரி’ என்று விற்கிறார்கள். கையால் நெய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதுதான் முதல் வேலை. கையால் நெய்ததில் பின்பக்கமும் அதே படம், இடவலம் மாறி, நூல் நுனிகளோடு இருக்கும். ஜக்கார்டு இயந்திரத்தில் நெய்த நகலில் பின்னால் நிறநிறமாகப் பட்டைகள் ஓடும், ஏனென்றால் முன்னால் தேவைப்படாத நிற நூல்கள் எல்லாம் அங்கே போயிருக்கும். 19, 20ஆம் நூற்றாண்டுகளில் இந்த நகல்கள் ஏராளமாக வந்தன. துணியில் சாயத்தால் வரைந்து டாபஸ்ட்ரி போலக் காட்டுபவையும் உண்டு.

அடுத்து, நிறங்கள் சந்திக்கும் இடத்தில் பிளவும் தையலும் இருக்கிறதா பாருங்கள். விளிம்புப் பட்டையில் நெய்த எழுத்துகள் உதவும்: கோப்லானுக்கு ‘ஜி’ எழுத்தும் அல்லி மலர்ச் சின்னமும், ஒபுசோனுக்கு அதன் பெயர். ஆனால் விளிம்பை வெட்டி வேறொன்றைத் தைத்திருக்கவும் கூடும். எழுத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பெரிய தொகை என்றால் பழைய துணிகளில் பயிற்சி உள்ள ஒருவர் நேரில் பார்க்காமல் வாங்கவே வேண்டாம்.

வீட்டில் ஒன்று இருக்கிறது. எப்படிப் பாதுகாப்பது?

துவைக்காதீர்கள், உலர்சலவைக்கும் போடாதீர்கள். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவு மங்கலான ஒளியில்தான் வைக்கின்றன. மடித்து வைக்காமல் உருளையில் சுற்றி வையுங்கள். பக்கவாட்டில் நெய்தது என்று முன்பே சொன்னேன் அல்லவா? அதனால் மாட்டும்போது முழு எடையையும் தாங்குவது வலுவான பாவு அல்ல, ஊடை. அதிலும் பட்டு ஊடை முதலில் இற்றுப்போகும், பிளவுகள் கிடையாக வாய் திறக்கும். நான்கு ஆணியில் தொங்கவிடாமல், மேல்விளிம்பு முழுக்கத் தாங்கும்படி பட்டையும் பின்னால் உள்துணியும் கொடுப்பது அதற்காகத்தான்.

இன்றும் இப்படி நெய்கிறார்களா?

நெய்கிறார்கள். பாரிஸின் 13ஆம் வட்டாரத்தில், கோப்லான் என்றே பெயர் கொண்ட சாலையில், அதே இடத்தில் பட்டறை நடக்கிறது. இப்போது அரசு ஊழியர்களான நெசவாளர்கள், இன்றைய ஓவியர்களின் படங்களை நெய்கிறார்கள். ஒபுசோன் நெசவு 2009இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

கோப்லானில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சீலை முடிந்ததும் ஓவியரையும் மற்றவர்களையும் அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் பாவு நூல்களைக் கத்தரித்து அதைத் தறியிலிருந்து இறக்குவார்கள். அதுவரை நெய்த பகுதி உருளையில் சுருண்டே இருந்திருக்கும். நெசவாளர் பார்த்ததெல்லாம் பின்பக்கமும், கண்ணாடியில் தெரிந்த துண்டு துண்டுகளும்தான். சீலையைத் தரையில் விரித்துத் திருப்பிப் போடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் தான் நெய்த படத்தை அவர் முழுசாக, நேராகப் பார்ப்பது அப்போதுதான்.